சுண்ணாம்புக்கு அடியில்

நாற்பதாம் நாள் காரியத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் மாமனார் வீட்டுக்குள் நுழைந்தபோது புருல் வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய் எடுத்த பாலை ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்திருந்தாள், பக்கத்திலேயே ஒரு கை உப்பு. எவ்வளவு பால், எதை முதலில் ஊற்றுவது, எவ்வளவு நேரம் ஊற விடுவது எல்லாம் ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே செய்துகொண்டிருந்தாள். கணப்படுப்பின் புகை மேலே ஏறிப் போகும் சுவரில், கூரைக்கு ஒரு முழம் கீழே, அந்தக் கறை மறுபடி வந்திருந்தது. தேநீர் சிந்திக் காய்ந்த மாதிரியான பழுப்பு, நடுவில் கொஞ்சம் கறுப்பு.

"ஆளுங்க வர்றதுக்குள்ள ஒரு பூச்சு பூசிடறேன்க்கா," என்றாள் நிமிராமல். "நான் போனப்புறம் நீங்கதானே எல்லாத்தையும் பாக்கணும். கறையைப் பாத்தா உங்களைத்தான் பேசுவாங்க."

இரண்டு நாளில் அவளுடைய பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள். நாலு வயது மகள் அக்மரால் இங்கேயே இருப்பாள். முடிவாகி ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்த நிலையில் நின்றுகொண்டு, யாரும் என்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறாள். நான் அந்த வாளியை எட்டி உதைத்திருக்க வேண்டும். அவள் ஏறி நிற்க முக்காலியைத்தான் இழுத்துப் போட்டேன். எனக்குப் பழக்கம் அது.

நான் அந்த வீட்டின் மூத்த மருமகள். எங்கள் பக்கம் ஒரு ஊரில் எத்தனை வீடு என்று கேட்க மாட்டார்கள், எத்தனை புகை என்றுதான் கேட்பார்கள். அப்பாவின் புகையை அணையாமல் காப்பது கடைசி மகன் பொறுப்பு. மற்ற மகன்கள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தனி வீடு போய்விட வேண்டும். என் கணவர் ஏசென் மூத்தவர். அதனால் மாமனார் வீட்டில் ஒன்பது வருஷம் அடுப்படியில் வெந்துவிட்டு, கொழுந்தன் உலானுக்குப் புருல் வாய்த்ததும் மூன்று வீடு தள்ளிக் குடிபோனேன். போகிற அன்று, பொறுப்பை ஒப்படைக்கிறேன் பேர்வழி என்று அவளை வீடெல்லாம் சுற்றிக் காட்டினேன். மாட்டுக்கு எந்தக் காம்பில் முதலில் கறக்க வேண்டும், மாமனாருக்குத் தேநீரில் எவ்வளவு பால், அத்தைக்கு எந்தப் பேச்சு பிடிக்காது. கடைசியாகச் சுவரைக் காட்டினேன். "இந்தக் கறை என்ன பூசினாலும் வந்துடும். சுண்ணாம்புல பாலும் உப்பும் போட்டு ரெண்டு கை பூசு. மூணு மாசம் தாங்கும்." ஏதோ பெரிய ரகசியத்தைத் தானம் செய்தவள் போல அன்று எனக்குப் பெருமை வேறு.

அந்தக் கறை என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷம், கணப்பின் இரும்புக் கதவை மாற்ற ஜெங்கிஷ் என்று ஒரு அடுப்புக் கொத்தனார் வந்தார். கதவை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆணியை எடுத்துக் கறையைச் சுரண்டினார். உள்ளேயிருந்து மாவு மாதிரி கொட்டியது.

"மாமா, புகை போற வழியை வெள்ளைக்கல்லுலயா கட்டியிருக்கீங்க?"

"ஏன், கல்லுக்கென்ன," என்றார் மாமனார். கூட்டுப்பண்ணை கலைந்த வருஷம் ஆட்டுக்கொட்டகையை இடித்து ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டார்கள். முப்பது வருஷம் அங்கே ஆடு மேய்த்தவருக்குக் கிடைத்தது ஒரு பக்கத்துச் சுவர். அதை வண்டியில் ஏற்றி வந்து, கூலிக்கு ஒரு ஆள் வைக்காமல், தன் கையால் இந்த வீட்டைக் கட்டினார். யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "ஆட்டுக்கு ஆன கல்லு எனக்கு ஆகாதா?"

"வீட்டுச் சுவருக்கு ஆகும் மாமா. புகைக்கு ஆகாது. இது சுட்ட கல்லு இல்ல. சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டா உதிர்ந்துடும். இப்பவே வெடிச்சிருக்கு. அடியிலேருந்து பிரிச்சு, சுட்ட செவப்புக் கல்லுல திருப்பிக் கட்டணும். நாலு நாள் வேலை."

"நீ எதுக்கு வந்தே? கதவு மாத்தத்தானே. மாத்திட்டுக் கிளம்பு."

மாமனார் ஒரு பிடி களிமண்ணை உப்புத் தண்ணீரில் குழைத்து வெடிப்பில் அப்பினார். விஷயம் முடிந்தது. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மருமகள் இருக்கும் இடத்தில் ஆண்கள் பேசினால் அவளுக்குக் காது இல்லை என்று கணக்கு. வாசல்வரை போய் வழியனுப்பியபோது ஜெங்கிஷ் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தங்கச்சி, ஒண்ணு மட்டும் செய். அந்தக் கறை மேல பூசாதே. எங்க ஒழுகுதுன்னு காட்டிக்கொடுக்கறது அது ஒண்ணுதான். அது பெருசாச்சுன்னா கணப்பை மூட்டாதீங்க."

மறுநாள் அத்தை என் கையில் வாளியைக் கொடுத்தார். கதவுக்கு எதிரே, விருந்தாளியை உட்கார வைக்கிற இடத்திலிருந்து நிமிர்ந்தால் நேராகக் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். "சுவர் இப்படி இருந்தா இந்த வீட்டுல பொம்பளையே இல்லைன்னு நினைப்பாங்க," என்றார். என்னைத் திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் பூசினேன். அங்கே இருந்த மீதி ஆறு வருஷமும் இலையுதிர் காலத்தில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை. பால் கலந்தால் நிற்கும் என்று நானே கண்டுபிடித்தேன். மூத்த மருமகள் கை சுத்தம் என்று ஊரில் பேர் வாங்கினேன்.

கரிப்புகையின் விஷத்தை எங்கள் பக்கம் இஸ் என்பார்கள். அதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. குளிர்காலத்தில் அத்தைக்குக் காலையில் எழுந்தால் தலை கனக்கும். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கிண்ணம் புளித்த மோரைக் குடித்துவிட்டு வாசலில் போய் நிற்பார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ரத்தக்கொதிப்பு என்று அவரே முடிவு செய்துகொண்டார். பழைய மர ஜன்னல்களில் விரல் நுழைகிற சந்து இருந்தது. அந்தச் சந்துதான் இத்தனை வருஷம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று இப்போது புரிகிறது. போன இலையுதிர் காலத்தில் உலான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டான். ஊசிமுனை அளவு காற்றுகூட வராது என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார்.

ஜனவரியில் நடந்தது. மாமனார் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். உலான் கரி லாரி ஓட்டுகிறவன். சுரங்க வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். தலைப்பேரன் தாத்தா பாட்டிக்குச் சொந்தம் என்பது எங்கள் வழக்கம். ஆறு வயதுப் பயேல் பால் மறந்ததிலிருந்து அத்தையோடுதான் படுப்பான், கணப்புச் சுவரை ஒட்டி, வீட்டிலேயே கதகதப்பான இடத்தில். புருலும் அக்மராலும் குளிர்ந்த பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். விடிந்ததும் புருல் பின்வாசல் வழியாகப் போய் மாடு கறந்திருக்கிறாள். பாலைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டு, இன்னும் தூங்குகிறார்களே, தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் ரொட்டி மாவு பிசைந்திருக்கிறாள். அந்தக் கால் மணி நேரத்தை அவள் எப்போதும் மறக்கப் போவதில்லை.

அவள் கத்தியது என் வீட்டு முற்றத்தில் கேட்டது. முதலில் ஓடியவள் நான். பயேலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் கிடத்தினேன். கன்னம் இரண்டும் ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளையைப் போலச் சிவந்திருந்தன. அதனால் உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். வாயில் மோரை ஊற்றினேன், அது அப்படியே வழிந்தது. அத்தையை இழுக்க மறுபடி உள்ளே போனேன். இழுக்க முடியாமல் ஒரு நொடி நிமிர்ந்தபோது தகட்டின் பிடியைப் பார்த்தேன். புகை போகும் வழியைத் திறந்து மூடுகிற இரும்புத் தகடு. பிடி ஒரு கையகலம் வெளியே நின்றது. திறந்திருந்தது. இதை நான் பார்த்தேன். இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன்.

மத்தியானம் தீயணைப்பிலிருந்து ஒருவர் வந்தார். அதற்குள் வீட்டில் நூறு பேர் புகுந்து புறப்பட்டிருந்தார்கள், கங்குகளை வாரி வெளியே கொட்டியிருந்தார்கள். அவர் ஆண்களிடம் பேசினார். "கங்கு அணையறதுக்குள்ள தகட்டை மூடிட்டாங்க. சூடு போயிடக் கூடாதுன்னு எல்லார் வீட்டுலயும் செய்யறதுதான்," என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. கணப்பைப் பார்ப்பது மருமகள் வேலை, ஆகவே மூடியவள் புருல். சாயந்தரத்துக்குள் ஊர் மீதியையும் சேர்த்துக்கொண்டது. "தானும் பொண்ணும் பின்னறையில பத்திரமா படுத்துக்கிட்டா பாருங்க." ஏழாம் நாள் மாமனார் சபையில் வைத்துச் சொன்னார்: நாற்பது முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். பேத்தி என் ரத்தம், என் கணப்படியில் வளரும். உலான் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் பெற்ற மகன் செத்துப் போயிருந்தான். அவனுக்கும் யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது.

என் கணவரிடம் மாட்டுக்கொட்டகையில் வைத்துச் சொன்னேன்.

"ஏங்க, தகடு திறந்துதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் வைக்கோல் அள்ளுவதை நிறுத்தவில்லை. "தெரியும். கூரை மேல ஏறிப் பாத்தேன். உள்ள நாலஞ்சு கல்லு பேந்து விழுந்து வழியையே அடைச்சிருந்துச்சு. கம்பியை விட்டு எடுத்துட்டேன். இப்ப புகை நல்லாத்தான் போகுது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லி?"

"மத்த கல்லும் அதே கல்லுதானே. நாளைக்கு அதுவும் விழும். அந்தப் பிள்ளையை அந்தச் சுவத்துக்குப் பக்கத்துலதான் படுக்க வெக்கப்போறாங்க."

"வெயில் வரட்டும். அப்பாகிட்ட மெதுவா சொல்லி மாத்திடலாம்."

"வெயில் வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்குமாவது அக்மராலை நம்ம வீட்டுல வெச்சுக்கலாமே."

"அப்பாவைக் கேட்டேன். இந்த வீட்டுப் புகை அணைஞ்சுபோச்சுன்னு ஊருக்குச் சொல்லவான்னு கேக்கறாரு." வைக்கோல் கவையைக் கீழே வைத்தார். "நான் என்ன பண்ணணுங்கறே அனார்? போய், அப்பா, உங்க பொண்டாட்டியையும் பேரனையும் நீங்க கட்டின சுவருதான் கொன்னுச்சுன்னு சொல்லவா? அப்புறம் அவரு எத்தனை நாள் உசுரோட இருப்பாரு? புருல் வயசுப் பொண்ணு. எப்படியும் பொழைச்சுக்குவா." போகிறபோது, திரும்பிப் பார்க்காமல், "பூசினது யாரு, நானா?" என்றார். அதற்கப்புறம் நான் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜெங்கிஷைத் தேடினேன். ரஷ்யாவில் எங்கோ கட்டட வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறதாம். அவர் பெண்டாட்டி போன் நம்பர் கொடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

புருல் தினமும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பாள். சுண்ணாம்பு கரைத்த அன்றும் முக்காலியில் நின்று பூசிக்கொண்டே கேட்டாள். "நான் மூடலைதானேக்கா?"

"மூடலை. ஒரு கையகலம் திறந்திருந்துச்சு."

"எனக்கு இப்பல்லாம் மூடின மாதிரியே ஞாபகம் வருது. கையில பிடியோட சூடு கூடத் தெரியுது." பூச்சு மட்டையை வாளியில் தோய்த்தாள். "எல்லாரும் சொல்லிச் சொல்லி அப்படியே ஆயிடுச்சு. நீங்க ஒருத்தர் சொல்றதாலதான் நான் இன்னும் பைத்தியம் ஆகலை."

சுண்ணாம்பு சொட்டி அவள் புறங்கையில் வழிந்தது. துடைக்கவில்லை. நான் அப்போது சொல்லிவிட்டேன். ஜெங்கிஷ் சொன்னது, வெள்ளைக்கல், கறை ஏன் வருகிறது, எல்லாம். சொல்லும்போது தரையைப் பார்த்தேன். அவள் என் மேல் வாளியைக் கவிழ்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத்தான் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் இறங்கி முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ரொம்ப நேரம் தன் கையில் இருந்த மட்டையையே பார்த்தாள்.

"அப்ப நானும்தான் பூசியிருக்கேன்," என்றாள்.

"உனக்குத் தெரியாதுடி."

"இதை எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா? சொன்னா அக்மராலை என்கூட அனுப்புவாங்கதானே? இல்ல, அனுப்ப வேணாம். சுவரையாவது பிரிப்பாங்கதானே?"

"சொல்றேன். நாப்பதுல, எல்லாரும் இருக்கும்போது சொல்றேன்."

எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டுத்தான் வாக்குக் கொடுத்தேன். மாமனார் முன் மருமகள் குரல் எழுப்ப முடியாது. பதினாறு வருஷத்தில் அவர் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, அது எங்களுக்கு வழக்கமில்லை. ஆனால் ஒப்பாரியில் சொல்லலாம். செத்தவர்களுக்காகப் போடுகிற கம்பளிக் கூடாரத்துக்குள் பெண்கள் நாங்கள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடுவோம். பாடி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, மாமனாராக இருந்தாலும் சரி. புருஷன் அடித்ததை, மாமியார் பட்டினி போட்டதை எல்லாம் ஒப்பாரியில் கொட்டித் தீர்த்த பெண்கள் எங்கள் ஊரில் உண்டு. எனக்குக் குரல் உண்டு. இரண்டு நாளும் மாடு கறக்கும்போது, ரொட்டி சுடும்போது, வாய்க்குள்ளேயே கட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் முந்நூறு பேர் வந்தார்கள். குதிரை அறுத்திருந்தார்கள். முற்றத்தில் எண்ணெய்ச் சட்டியில் போர்சோக் என்கிற மாவுத் துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன, அந்த மணம் போனவர்களுக்குப் போய்ச் சேரும் என்று. வீட்டுக்குள் கணப்பு காலையிலிருந்து விடாமல் எரிந்தது. கூடாரத்துக்குள் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள். புருல் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் கையை ஊன்றி, கறுப்புத் துணியால் நெற்றிவரை மூடிக்கொண்டு. கம்பளிக்கு அந்தப் பக்கம் மாமனார் கோலை ஊன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்களைப் பார்த்து ஆண்கள் அழுகிற பெருங்குரலில் அழுதுகொண்டிருந்தார். அந்தச் சத்தம் என் முதுகெலும்பில் கேட்டது. என் முறை வந்தது. பாடினேன்.

"வெள்ளக்கல்லு வெடிச்சிருக்க – நான்
வெள்ளையடிச்சு மறைச்சு வெச்சேன்
தங்க மாமி தலைவலிச்சு – நீ
தவிச்ச காலை மோர் கொடுத்தேன்
கல்லு பேந்து அடைச்சதம்மா – தகடு
கையகலம் தொறந்ததம்மா
சின்னவ மேல் குத்தமில்ல – சுவத்தப்
பூசினவ நானுதானே
போன உசுரு போனதம்மா – அந்தப்
பொல்லாச் சுவரு நிக்குதம்மா
இருக்கும் ஒரு பிஞ்சையும் நாம் – அங்க
எந்த மனசில் தூங்கவெப்போம்"

மூன்று முறை பாடினேன், திருப்பித் திருப்பி. இரண்டாம் முறை பாடும்போது கம்பளிக்கு அந்தப் பக்கம் மாமனாரின் அழுகை நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் நின்றது. அப்புறம் முன்னைவிடப் பெரிதாகத் தொடங்கியது.

நான் திரும்பிப் பார்த்தபோது கூடாரத்தில் அழாத ஆள் இல்லை. அத்தையின் அக்கா, தள்ளாத வயது, என்னைக் கட்டிக்கொண்டு என் தலைத்துணியெல்லாம் நனைத்துவிட்டார். "என்ன மாதிரி பாடிட்டே மகளே. பழியைத் தன் தலையில அள்ளிப் போட்டுக்கிட்டுப் பாட இந்தக் காலத்துல யாருக்கு வருது. என் தங்கச்சி குடுத்து வெச்சவ." பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஆமாம், மருமகள் ஒப்பாரியில் உனக்கு முன்னால் நான் போயிருக்கக் கூடாதா, உன்னைக் கொன்ற பாவி நான்தானே என்று பாடுவதுதானே முறை. எல்லோரும் அப்படித்தான் பாடுவார்கள். நான் கொஞ்சம் நன்றாகப் பாடிவிட்டேன், அவ்வளவுதான்.

"பாட்டுக்குச் சொல்லலை பெரியத்தை. நெசமாவே கல்லு பேந்திருந்துச்சு. தகடு திறந்திருந்துச்சு."

"அழு, அழு. அழுதா பாரம் குறையும்," என்று என் முதுகைத் தடவினார்.

கறி பரிமாறும்போது இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, வரும் வெள்ளிக்கிழமை தன் மாமியாருக்கு வருஷத் திதி, வந்து பாடித் தர முடியுமா என்று கேட்டாள். என் கணவர் தூரத்தில் குதிரைத் தோலை மடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. ஆனாலும் வந்து என் பக்கத்தில் நிற்கவில்லை.

சாயந்தரம் புருலின் அண்ணன்கள் காரைக் கிளப்பினார்கள். அவள் கொண்டுபோனது ஒரு பை. அக்மராலை நான் இடுப்பில் வைத்திருந்தேன். அம்மா ஊருக்குப் போய் மிட்டாய் வாங்கி வரப் போகிறாள் என்று யாரோ அதற்குச் சொல்லியிருந்தார்கள். அழவில்லை, ஆனால் கணக்காகக் கேட்டது.

"எத்தனை தடவை தூங்கி எந்திரிச்சா வருவே?"

புருல் மகளின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "பெரியம்மாவைக் கேளு," என்றாள். கார் போய்விட்டது. அன்று ராத்திரி குழந்தையை எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். மாமனார் என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் விடியும்போதே போனேன். எங்கள் வீட்டிலிருந்து நிலக்கரி உடைக்கிற சம்மட்டியை எடுத்துக்கொண்டேன். என்ன ஆனாலும் சரி, இரண்டு போடு போட்டுச் சுவரைத் திறந்துவிடுவது என்று. தெருவில் நடக்கும்போது அந்தப் புகைபோக்கியிலிருந்து புகை எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எழும்பியது, மெல்லிசாக. முன்வாசல் கதவைத் தள்ளினேன்.

பச்சைச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. முக்காலி சுவருக்கு அடியில் நின்றது. பக்கத்தில் வாளி, பால் கிண்ணம் காலியாக. உலானைக் காணோம், லாரிக்குப் போயிருக்க வேண்டும். மாமனார் சட்டைக் கையெல்லாம் வெள்ளையாக, புதிதாகப் பூசிய சுவரில் முதுகை முழுக்கச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறை இருந்த இடத்துக்கு நேர் கீழே. ஈரம் அவர் கோட்டில் ஊறியிருக்கும். மூன்று நாள் முன்னால் புருல் பூசியதையும் மீறிக் கறை வந்திருக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் ஒரு பூச்சுவேலையைத் தனியாகச் செய்திருக்கிறார். உப்பு எவ்வளவு போட்டாரோ. மடியில் அக்மரால் கம்பளிக்குள் சுருண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்று அவள் கம்பளி ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்து, "பெரியம்மா, தலை வலிக்குது," என்றாள்.

மாமனார் என் கையில் இருந்த சம்மட்டியைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். நான் அடிப்பதானால் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் அடிக்க வேண்டும். அவர் நகரவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். அவர் தலைக்கு மேலே ஈரச் சுண்ணாம்பு காயத் தொடங்கியிருந்தது. காய்ந்த இடத்தில் விரல் நுனி அளவுக்குப் பழுப்பு.

"கதவைச் சாத்து," என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "பிள்ளைக்குக் குளிரும்."

சம்மட்டியைக் கீழே வைத்தேன். கதவைச் சாத்தவில்லை. முதுகை அதில் கொடுத்து, அகலத் திறந்தபடி நின்றுகொண்டேன். வெளிக் குளிர் என் காலடி வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அக்மரால் வாயைத் திறந்து ஆவி விட்டுப் பார்த்தாள். அது பிடித்துப்போய் மறுபடி விட்டாள்.

"சாத்து, மகளே."

எனக்குக் கால் மரத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம் இப்படி நிற்க முடியும் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.